எதுக்கு அன்ஃபிட்?

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி, அண்ணன் மகள் இங்கிலீஷ் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். சொல்லுக்கு முன்னால் ‘அன்’ சேர்த்து எதிர்ச்சொல் எழுதுகிற பாடம். ஹேப்பி – அன்ஹேப்பி, கைண்ட் – அன்கைண்ட், சேஃப் – அன்சேஃப். பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி, ஒரு வாக்கியத்திலும் அமைக்க வேண்டும். கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தவள் ஆறாவது சொல்லில் நின்றுவிட்டாள்.

“சித்தப்பா, அன்ஃபிட்னா இன்னா போடறது?”

அண்ணன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது. தண்டையார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, படிவம், மொழிபெயர்ப்பு என்று நாள் முழுக்க இந்த மாதிரிச் சொற்களோடுதான் பிழைப்பு. அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. “தகுதியற்றன்னு போடு கண்ணு” என்றேன், குரலைத் தாழ்த்தி.

அண்ணன் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: “எதுக்குன்னு சேத்து எழுதச் சொல்லுடா.”

அவன் அதைச் சொன்ன விதம் அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2009-இல் அண்ணனுக்கு 20 வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருந்தான். எங்கள் வீடு அப்போது காசிமேட்டை ஒட்டி இருந்தது. மொட்டைமாடியில் ஏறினால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களின் விளக்கு வரிசையாகத் தெரியும். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கப்பலில் இருந்தார்கள். அவர்கள் லீவில் வந்து இறங்கும் நாளில் தெருவே அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். அண்ணனுக்கும் அதே ஆசை. பயிற்சியில் சேருவதற்கு முன்னால் மெடிக்கல். பாரிமுனைப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை. கையில் ஒரு தாள். அதன் கீழே ஊதா மசியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஒரே சொல்: அன்ஃபிட். மேலே பேனாவில் இரண்டு எழுத்துக் கிறுக்கல், சி.வி. என்று. அது கலர் விஷன் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே யாரும் உட்காரவைத்து எடுத்துச் சொல்லவில்லை.

“எல்லாம் கரெக்டாத்தான்டா சொன்னேன். ஒரு புக் குடுத்து நம்பர் படிக்கச் சொன்னாங்க. ஒண்ணுகூட விடாம படிச்சேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி அப்புறம்தான் தேடித்தேடிப் படித்தேன். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1917-இல் வெளியிட்ட சோதனை அது. முழுத் தொகுப்பில் 38 அட்டைகள். ஒவ்வொன்றிலும் பல நிறப் புள்ளிகள் வட்டமாக நெருக்கிக் கிடக்கும். அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். முதல் அட்டை எல்லோருக்கும் 12 என்றுதான் தெரியும். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது. மற்றவர்களுக்கு 8 என்று தெரிகிற அட்டை, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு 3 என்று தெரியும். 29 என்பது 70 ஆகும். 74 என்பது 21 ஆகும். அண்ணன் தயங்கவே இல்லை. பளிச்சென்று தெரிந்ததைப் பளிச்சென்று சொல்லியிருக்கிறான். எதிரில் இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் பேசாமல் தலையசைத்துக் குறித்துக்கொண்டதை, சரி என்று சொல்வதாக நினைத்துவிட்டான்.

அன்று ராத்திரி அம்மா எதையெதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு அழுதாள். எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கையில் கொடுத்து, எம்.சி. ரோட்டில் மேட்சிங் பிளவுஸ் பிட் வாங்கி வரச்சொல்லி அனுப்பினாள். புடவை இலைப்பச்சை. அவன் வாங்கி வந்தது செங்கல் காவி மாதிரி ஒரு நிறம். “கண்ணு எங்க வெச்சிருந்த? ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாதா?” என்று முதுகில் இரண்டு வைத்தாள். அவன் அந்தப் பிட்டையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து, “இதே கலர்தானேம்மா” என்று நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மாமாவும் அப்படித்தான். அம்மாவின் தம்பி. கனகாம்பரச் செடி பக்கத்தில் நின்றுகொண்டே “பூ இன்னும் வைக்கல போலக்குதே” என்பார். குடும்பத்தில் அது ஒரு சிரிப்புக் கதையாகவே இருந்தது.

சிவப்பு–பச்சை வேறுபாட்டைக் காட்டும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதாக இருந்தாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால்தான் இந்தக் குறை ஆண்களிடம் மிகுதி; அதனால்தான் மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவில் அம்மா ஒரு குறையும் தெரியாமல் நின்றாள். இதை நான் அவளுக்கு விளக்கிச் சொன்னது பெரிய தப்பு. “அப்போ என்னாலதானா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் இறக்கி வைக்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருத்துவரின் முடிவு சரியானதுதான். கப்பலுக்கு இடதுபக்க விளக்கு சிவப்பு, வலதுபக்க விளக்கு பச்சை. ராத்திரியில் தூரத்தில் ஒரு கப்பல் வந்தால், தெரிகிற நிறத்தை வைத்துத்தான் அது எந்தப் பக்கமாகப் போகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். ரயிலும் அப்படித்தான். 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, அதற்கு நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற மருத்துவப் பேராசிரியர் வாதாடினார். ரயில்வே ஊழியர்களுக்கு நிறச் சோதனை பரவலானது அதன் பிறகுதான். என் அண்ணனைக் கப்பல் மேல்தளத்தில் ராத்திரிக் காவலுக்கு நிறுத்த நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஆறாதது முடிவு இல்லை, ஸ்டாம்ப்தான். அதில் ஒரு சொல்தான் இருந்தது.

இங்கிலீஷில் இந்தச் சொல் பெரும்பாலும் ஒரு துணையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அன்ஃபிட் ஃபார் டியூட்டி, பணிக்கு ஏற்றதில்லை. அன்ஃபிட் ஃபார் ஹியூமன் கன்சம்ப்ஷன், மனிதர் உண்ண ஏற்றதில்லை. அன்ஃபிட் டு டிரைவ், வண்டி ஓட்டுகிற நிலையில் இல்லை. பின்னால் ‘ஃபார்’ வந்தால் ஒரு பெயர்ச்சொல், ‘டு’ வந்தால் ஒரு வினை. இரண்டுமே ‘எதற்கு’ என்ற கேள்விக்குப் பதில். சில வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்குப் போகிற ஒரு பையன் தன் மெடிக்கல் சர்டிபிகேட்டை ஸ்கேன் எடுக்கக் கடைக்குக் கொண்டுவந்தான். படித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரி: ‘ஃபிட் ஃபார் லுக்அவுட் டியூட்டீஸ்?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கண்காணிப்புப் பணிக்கு ஏற்றவரா என்று தனியாகக் கேட்கிறது. உலகம் முழுக்கக் கடலோடிகளுக்கு அந்தச் சான்றிதழில் அந்தக் கேள்வி உண்டு. அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பையன்தான் “அண்ணா, ஸ்கேன் ஆயிடுச்சா?” என்றான்.

தமிழுக்குள் அந்தச் சொல் வரும்போது துணையை இறக்கிவிட்டு ஒண்டியாக வந்துவிட்டது. ‘அவன் அன்ஃபிட்டு.’ அவ்வளவுதான் வாக்கியம். எங்கள் தெருவில் அது ஒரே வாரத்தில் அண்ணனின் பெயராகவே ஆனது. ‘அன்ஃபிட்டு வீடு எது?’ என்று யாரோ கேட்டு, யாரோ கையைக் காட்டியதை அம்மா ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். பெண் பார்க்கத் தொடங்கியபோது அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் போய் அந்த வீடுகளில் உட்கார்ந்துகொண்டது. எதில் அன்ஃபிட் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் கேட்காமலேயே வேறு எதையோ நினைத்துக்கொண்டார்கள்.

நான் சொன்ன ‘தகுதியற்ற’ இருக்கிறதே, அது இன்னும் மோசம். கடையில் தினமும் பார்க்கிறேன். இங்கிலீஷில் ஐந்து சொல்லாகப் பிரிந்திருப்பதைத் தமிழில் ‘தகுதி’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. வயசு, வருமானம் மாதிரி விதியில் சேரவில்லை என்றால் அது இன்எலிஜிபிள். படிப்புச் சான்றிதழ் இல்லை என்றால் அன்குவாலிஃபைட். ஆளும் வேலையும் பொருந்தவில்லை என்றால் அன்சூட்டபிள். இடம் பார்க்காமல் பேசியது, நடந்தது இன்அப்ரோப்ரியேட். உடம்போ தரமோ ஒரு காரியத்துக்குத் தாங்காது என்றால் அன்ஃபிட். நாம் எல்லாவற்றுக்கும் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிடுகிறோம்; தகுதி என்றால் நம் காதில் மதிப்பு என்றும் விழுகிறது, யோக்கியதை என்றும் விழுகிறது. 2023-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய சமயத்தில், மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பித்த ஒரு அக்கா குறுஞ்செய்தியைக் காட்டி என்னிடம் கேட்டார்: “நான் இன்னா தப்பு பண்ணேன் தம்பி? தகுதி இல்லன்னு போட்டுக்குறாங்க.” குடும்பத்தில் ஒரு கார் இருந்தது. விதிப்படி அது சேராது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவர் அன்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது ஏதோ குற்றம் சாட்டப்பட்டவர் மாதிரி.

அந்தச் சொல் நகர்ந்து ஆள் மேல் ஏறிக்கொள்கிற வித்தைக்கு வடசென்னையில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் குடிசைப் பகுதிச் சட்டம், ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவிக்கச் சொல்கிற காரணங்களில் ஒன்று, அங்குள்ள கட்டடங்கள் ‘அன்ஃபிட் ஃபார் ஹியூமன் ஹேபிடேஷன்’ ஆக இருப்பது. மனிதர் குடியிருக்க ஏற்றதல்ல. கவனித்துப் படித்தால் அன்ஃபிட் என்று சொல்லப்படுவது கட்டடம். காற்று வராத, வெளிச்சம் வராத, சாக்கடை நிற்கிற அந்த இடம். மனிதர் அந்த வாக்கியத்தில் மேலான இடத்தில் இருக்கிறார். அவருக்கு இது போதாது என்கிறது சட்டம். ஆனால் கால்வாய் ஓரங்களிலும் தண்டவாள ஓரங்களிலும் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது வேறு. “நாங்க ஊருக்குள்ள வாழத் தகுதி இல்லாதவங்களா?” மனு டைப் அடிக்க வருகிறவர்கள் வாயில் இதே வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ‘குடிசை’ போய் ‘வாழ்விடம்’ வந்ததை நான் நல்லதாகவே நினைக்கிறேன். ஆனால் ‘எதற்கு’ என்ற கேள்வியைப் புது வீட்டிடமும் கேட்க வேண்டும். நகரத்தின் தெற்குக் கோடியில், குடிசைகளிலிருந்து மாற்றப்படுகிறவர்களுக்கான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் சுவரும் கக்கூசும் இருக்கிற வீடுதான் கிடைக்கிறது. இருட்டு பிரியும் முன் காசிமேட்டு ஏலத்தில் நிற்க வேண்டிய ஒரு பெண்ணின் பிழைப்புக்கு அந்த வீடு ஏற்றதா?

பேச்சுத் தமிழுக்கு வந்தால் எனக்கு மூச்சு வருகிறது. நம் வாயில் இந்தப் பொருளுக்கு எத்தனை சொல் இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது!

கருவாடு அவருக்கு ஒத்துக்காது. இது உடம்புக்கும் சாப்பாட்டுக்கும். கருவாட்டின் மேலும் குற்றம் இல்லை, அவர் மேலும் குற்றம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் தொல்லை. அந்த வீடு நமக்குத் தோதுப்படாது. இது இடம், நேரம், வசதி. அந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வராது. இது மனுஷர்கள். மேட்டூர்ல இருந்து வந்த பையனுக்கு இந்த வேலை செட் ஆகல. இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேச்சு, எனக்குப் பிடித்த பேச்சு. இந்தத் தண்ணி குடிக்க ஆகாது, துணி துவைக்க ஆகும். இந்த வாக்கியத்தை வடசென்னையில் அடிபம்பு வைத்திருந்த ஒவ்வொரு வீடும் சொல்லியிருக்கும். ஒரே மூச்சில் எதற்கு ஆகாது, எதற்கு ஆகும் என்று இரண்டும் வந்துவிடுகிறது. எங்கள் பாட்டி தண்ணீருக்குக் கொடுத்த அந்த மரியாதையை அந்த கிளினிக் என் அண்ணனுக்குக் கொடுத்திருக்கலாம்.

பார்த்தீர்களா, இவற்றில் பாதிக்கு மேல் ‘கு’ இருக்கிறது. அவருக்கு, நமக்கு, பையனுக்கு. பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமை உருபு என்று ஒப்பித்தோமே, அதேதான். அது இல்லாமல் ‘ஒத்துக்காது’ என்று மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவர் விடமாட்டார், “யாருக்கு?” என்பார். ‘லாயக்கு இல்ல’ என்ற சொல்லில்தான் இந்தக் கேள்வி தேய்ந்துபோயிருக்கிறது. அதனால்தான் அது திட்டுகிற சொல்லாகவே நிற்கிறது. உருது வழியாக வந்த லாயக்குக்கும், இங்கிலீஷிலிருந்து வந்த அன்ஃபிட்டுக்கும் நம்மிடம் ஒரே கதி.

இன்னொன்றும் உண்டு. இங்கிலீஷில் மறுப்பு முன்னாலேயே வந்து கதவை அடைத்துவிடுகிறது. ‘அன்’ என்று தொடங்கும்போதே தீர்ப்பு முடிந்தது. தமிழில் மறுப்பு வினையின் வாலில் வருகிறது. அங்கேயும் இரண்டு வால் இருக்கிறது. ‘செட் ஆகாது’ என்றால் இனிமேலும் நடக்காது. ‘செட் ஆகல’ என்றால் இதுவரை நடக்கவில்லை, அவ்வளவே. ஆட்டோக்காரர்கள் இதைத் துல்லியமாகப் பேசுவார்கள். வாடகை வண்டிக்கு எஃப்சி காட்ட வேண்டும், ஃபிட்னஸ் சர்டிபிகேட். புது வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். பிரேக்கிலோ லைட்டிலோ ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினால் “எஃப்சி ஆகல” என்பார்கள். பட்டறையில் விட்டு, வேலை பார்த்து, அடுத்த வாரம் மறுபடி காட்டுவார்கள். வண்டியே இற்றுப்போய்விட்டால்தான் “இனிமே எஃப்சி ஆகாது, கண்டம் பண்ண வேண்டியதுதான்” என்பார்கள். மூன்று சக்கர வண்டிக்கு இருக்கிற அந்த ‘ஆகல’ எங்கள் தெருவில் ஒரு 20 வயசுப் பையனுக்கு இல்லாமல் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசு வேலையில் இருக்கும் ஒரு டிரைவர் கடைக்கு வந்தார். சர்க்கரையால் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கடிதம். மெடிக்கலி அன்ஃபிட் என்ற இடத்தில் விரலை வைத்து, “வேலை போச்சு, கருணை மனு ஒண்ணு அடிச்சுக் குடு தம்பி” என்றார். நான் முழுசாகப் படித்தேன். ஓட்டுநர் பணிக்கு என்று அதில் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினேன். பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியும் இறக்கக் கூடாது. அந்த வேலைக்கு முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். மாற்ற இடம் இல்லை என்றால் இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு பெறும் வரை, கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது, 47-ஆவது பிரிவாக.

“அப்போ ஸ்டேரிங்குக்கு மட்டும்தான் நான் ஆகாதா?” என்றார் அவர்.

“ஆமாண்ணா. ஸ்டேரிங்குக்கு மட்டும்தான்.”

கருணை மனு அடிக்கவில்லை. மாற்றுப் பணி கேட்டு விண்ணப்பம் அடித்தோம். ‘கருணை’ என்ற சொல்லை அதில் எந்த வரியிலும் வரவிடவில்லை.

அண்ணன் கதைக்கு வருகிறேன். ஒரு வருஷம் வீட்டில் கிடந்தான். அப்புறம் எருக்கஞ்சேரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தான். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட், புஷ் வேலை பார்க்கிற இடம். படகின் பின்பக்கம் விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் ஒரு கன்மெட்டல் புஷ்ஷுக்குள், அதாவது வெண்கல வகை உலோகத்தில் செய்த உருளை உறைக்குள், சுழலும். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், படகே அதிரும், தண்ணீர் உள்ளே வரும். புதுப் புஷ்ஷைக் கடைசல் மிஷினில் கடைந்தெடுத்துவிடலாம். ஆனால் ஷாஃப்ட் அதில் எல்லா இடத்திலும் ஒரே சீராக உட்கார வேண்டும் என்றால் கடைசி வேலை கையால்தான்.

அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிரஷ்யன் புளூ என்று ட்யூபில் ஒரு நீலப் பசை. அதை ஷாஃப்ட் மேல் விரலால் எடுத்துத் தேய்ப்பான், மிக மெலிசாக, கை ரேகை தெரிகிற அளவுக்குத்தான். இரண்டு பாதியாக இருக்கும் புஷ்ஷில் ஒரு பாதி மேல் ஷாஃப்டை வைத்து, மெல்ல ஒரு திருப்பு, திரும்பப் பின்னால் ஒரு திருப்பு. தூக்கினால் புஷ்ஷின் உள்பக்கத்தில் அங்கங்கே நீலம் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை ஸ்க்ரேப்பரால் சுரண்டுவான். சுரண்டல் தூள் மாவு மாதிரி உதிரும். துடைப்பான், மறுபடி புளூ, மறுபடி வைத்துத் திருப்பு. முதலில் நாலைந்து திட்டு, அப்புறம் பத்துப் பதினைந்து, கடைசியில் அம்மை போட்ட மாதிரி முழுக்க நீலப் பொட்டு. அப்போதுதான் நிமிர்வான். அதற்கு அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும்.

சிவப்பு–பச்சைக் குழப்பம் இருப்பவர்களுக்கு நீலத்திலும் மஞ்சளிலும் குறை இல்லை. மஞ்சள் ஓடிய கன்மெட்டல் மேல் நீலப் பொட்டு அவனுக்குக் கண்ணில் அடிக்கிற மாதிரித் தெரியும். டியூப்லைட் மங்கலாக இருக்கும் பட்டறையில், மற்றவர்கள் டார்ச் அடித்துத் தேடுகிற கடைசி மேட்டை அவன் சும்மா பார்த்தே சொல்லிவிடுவான் என்று பட்டறை மேஸ்திரி என்னிடம் சொன்னார். அவரிடமும் ஒரு நாள் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “ஷாஃப்ட மட்டும் கைல வெச்சுகினு ஃபிட்டா, ஃபிட்டு இல்லியான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? எந்தப் புஷ்ஷுக்குன்னு சொல்லு” என்றார். ஃபிட்டர் என்ற தொழிலே இரண்டு பொருளுக்கு நடுவில் நடக்கிற தொழில். அண்ணன் அன்று சாப்பாட்டில் இருந்தபடி சொன்ன ‘எதுக்கு’ அங்கேதான் அவனுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். என் மாதிரி அகராதியில் தேடிக் கண்டுபிடித்ததில்லை அது.

நிறக்குருடு பற்றி 1794-லேயே தன் கண்ணையே ஆராய்ந்து விரிவாக எழுதியவர் ஜான் டால்டன். வேதியியல் பாடத்தில் அணுக் கொள்கைக்காகப் படிப்போமே, அவரேதான். அவருக்கும் இருந்தது, அவருடைய சகோதரருக்கும் இருந்தது. செத்த பிறகு தன் கண்ணை அறுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 1844-இல் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பத்திரப்படுத்தி வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995-இல் மரபணுவை எடுத்துச் சோதித்து, பச்சையைப் பிரித்துணரும் நிறமி அவருக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அவங்க அம்மா இன்னா ஆனாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த ராத்திரி அண்ணன் கை கழுவிவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தப் பேச்சை என்றைக்காவது அவளோடு பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நிறக்குருடு உள்ள அப்பாவின் ஒரே எக்ஸ் மகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நாளைக்கு அவளுக்குப் பிறக்கிற பையனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா அழுத மாதிரி இவள் அழக் கூடாது என்பது அண்ணனுக்கு ஒரு வைராக்கியம்.

போனில் அந்தப் புள்ளி வட்டத்தை எடுத்துக் காட்டினான். “இன்னா நம்பர் தெரியுது?”

“எழுபத்தி நாலு.”

“எனக்கு இருபத்தி ஒண்ணு.”

அவள் போனை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “எங்கப்பா இருபத்தி ஒண்ணு? விரல வெச்சுக் காட்டு” என்றாள். அவன் அந்தக் கண்ணாடி மேல் விரலால் மெதுவாக 21 என்று வரைந்து காட்டினான். அவள் அந்தக் கோட்டின் மேலேயே தன் விரலையும் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் அடுத்த படம், அதற்கடுத்த படம். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குத்தான் நோட்டு ஞாபகம் வந்தது. அர்த்தம் என்ற இடத்தில் ‘ஒரு வேலைக்குச் சரிப்படாத’ என்று எழுதினாள். வாக்கியத்துக்கு அப்பாவைக் கேட்டாள். பட்டறையில் அன்று ஒரு ஷாஃப்ட் கழற்றிப் போட்டிருந்தது. ‘திஸ் போட் இஸ் அன்ஃபிட் ஃபார் தி சீ’ என்று சொல்லிக் கொடுத்தான், எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது, 61 நாள். காசிமேட்டுப் படகெல்லாம் வேலைக்கு வருவது அப்போதுதான்.

“ஜூன் 14 வரிக்கும்னு சேத்துக்கோ” என்றான் அண்ணன்.

“இடம் இல்லப்பா, லைன் முடிஞ்சிடுச்சு” என்று சொல்லி அவள் நோட்டை மூடினாள்.